குழந்தை ஞானஸ்நானமா, விசுவாச ஞானஸ்நானமா: ஆளைக் கொல்லும் அளவுக்கு அதில் என்ன இருந்தது?

கேள்வி இதுதான்: குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதா, வளர்ந்து விசுவாசித்த பிறகு கொடுப்பதா என்பதற்காகச் சபைகள் பிரிந்தன, ஆட்களைக்கூடக் கொன்றார்கள் என்கிறார்களே, அப்படி அதில் என்னதான் இருந்தது?

சுருக்கமான பதில்: ஊரில் பிறந்த எல்லாரும் சபையா, மனதார வந்து சேர்ந்தவர்கள் மட்டும் சபையா என்பதுதான் உண்மையான சண்டை. வயதும் தண்ணீரும் அதற்குப் பின்னால் வந்தவை. ஊரும் சபையும் ஒன்று என்று நம்பியவர்களின் கண்ணுக்கு, குழந்தை ஞானஸ்நானம் வேண்டாம் என்றவன் ஊரையே வேண்டாம் என்றவனாகத் தெரிந்தான்.

நான் வளர்ந்தது சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில். சொந்தக்காரர்களில் பலர் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்து வேறு சபைக்குப் போனவர்கள். எங்கள் வீட்டு விசேஷங்களில் பந்தி முடிந்ததும் இந்தப் பேச்சு கிளம்பும். ஒருவர் ‘விசுவாசமுள்ளவனாகி ஞானஸ்நானம் பெற்றவன் இரட்சிக்கப்படுவான்’ என்ற மாற்கு 16:16-ஐ எடுப்பார், இன்னொருவர் பிலிப்பி சிறைச்சாலைக்காரன் வீட்டாரோடு ஞானஸ்நானம் பெற்ற கதையை எடுப்பார், இரண்டு பக்கமும் குரல் உயரும். ஐந்நூறு வருடத்துக்கு முன் இதே வசனங்களை வைத்து வாதாடியவர்களுக்கு என்ன நடந்தது என்று மட்டும் யாரும் பேசமாட்டார்கள். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சூரிச் நகரத்திலிருந்து தொடங்கலாம். 1519 முதல் அங்கே குரோஸ்மியூன்ஸ்டர் என்ற பெரிய ஆலயத்தில் பிரசங்கித்தவர் உல்ரிக் சுவிங்லி. சுவிட்சர்லாந்துச் சீர்திருத்தத்தின் தலைமகன். அவரைச் சுற்றி ஓர் இளைஞர் கூட்டம் இருந்தது. கான்ராட் கிரேபெல் ஊர்ப் பெரிய மனிதர் வீட்டுப் பிள்ளை, வியன்னாவிலும் பாரிஸிலும் படித்தவர். பெலிக்ஸ் மான்ஸ் எபிரெயு நன்றாகத் தெரிந்தவர். இவர்கள் சுவிங்லியின் எதிரிகள் இல்லை, அவரிடம் வேதம் படித்தவர்கள்.

முதல் விரிசல் பணத்தில் விழுந்தது. 1523-ல் சூரிச்சைச் சுற்றியிருந்த சில கிராமங்கள் தசமபாகம் (விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு) கட்ட மறுத்தன. தங்கள் வயலில் விளைந்தது நகரத்துப் பெரிய ஆலயத்துக்குப் போவானேன், எங்கள் போதகரை நாங்களே வைத்துக் காப்பாற்றிக்கொள்கிறோமே என்பது அவர்கள் கேள்வி. அதே வருடம் அக்டோபரில் சொரூபங்களையும் பூசையையும் பற்றி நகர மண்டபத்தில் பெரிய விவாதம். இரண்டும் தவறு என்பதில் சுவிங்லிக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எப்போது, எப்படி மாற்றுவது என்பதை நகர மன்றம் முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டார். சிமோன் ஸ்டும்ப் என்ற குருவானவர் எழுந்து, அந்த அதிகாரத்தை அவர்களிடம் கொடுக்க உமக்கு உரிமை கிடையாது, தேவனுடைய ஆவியானவர் ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லிவிட்டார் என்று மறுத்துப் பேசினார். என்னைக் கேட்டால் பிரிவினை அந்த இடத்திலேயே நடந்துவிட்டது. ஞானஸ்நானம் பிறகு வந்தது.

1524-ல் வைட்டிகான் கிராமத்துப் போதகர் வில்ஹெல்ம் ராய்ப்ளின் குழந்தை ஞானஸ்நானத்துக்கு எதிராகப் பிரசங்கிக்க, சில பெற்றோர் குழந்தைகளைக் கொண்டுவராமல் நிறுத்திவிட்டார்கள். 1525 ஜனவரி 17 அன்று விவாதம் வைத்தார்கள். வழக்கம்போல நகர மன்றம் சுவிங்லி பக்கம் தீர்ப்புச் சொன்னது: ஞானஸ்நானம் ஆகாத குழந்தைகளை எட்டு நாளுக்குள் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் குடும்பத்தோடு ஊரைவிட்டு வெளியேற வேண்டும். அந்த நேரத்தில் கிரேபெல் வீட்டிலேயே பிறந்து சில நாளே ஆன ராகேல் என்ற பெண் குழந்தை இருந்தது.

ஜனவரி 21 அன்று அடுத்த உத்தரவு வந்தது: வேதம் படிக்கும் தனிக் கூட்டங்களை நிறுத்த வேண்டும், வெளியூர்க்காரர்கள் கிளம்ப வேண்டும். அன்று மாலையே மான்ஸின் தாயார் வீட்டில் கூடினார்கள். ஜெபம் முடிந்ததும் ஜார்ஜ் பிளாவுராக் என்ற முன்னாள் பாதிரியார் எழுந்து, எனக்கு ஞானஸ்நானம் கொடும் என்று கிரேபெலிடம் கேட்டு முழங்காலில் நின்றார். கிரேபெல் கொடுத்தார். பிறகு மற்றவர்கள் பிளாவுராக்கிடம் பெற்றுக்கொண்டார்கள். கொடுத்த கிரேபெலும் குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றவர்தான்! முதல் கை எங்கிருந்து வரும் என்ற இந்தச் சிக்கலுக்குப் பிறகு வருகிறேன்.

அடுத்த சில நாட்களில் ஏரிக்கரையில் இருந்த சோலிகான் கிராமத்துக்கு இது பரவியது. அங்கே நடந்ததை நாம் அறிவது போலீஸ் விசாரணை மாதிரி எடுத்த வாக்குமூலங்களிலிருந்து. ஒரு விவசாயி வீட்டில் கூட்டம். ஹான்ஸ் புருக்பாக் என்பவர் எழுந்து, தான் பெரிய பாவி என்று அழுது, ஞானஸ்நானம் கேட்கிறார். இவனுக்கு நான் கொடுப்பதை யார் தடுப்பார் என்று மான்ஸ் கேட்க, யாரும் இல்லை என்கிறார் பிளாவுராக். மான்ஸ் தண்ணீர் மொள்ளும் அகப்பை ஒன்றை எடுத்து, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் அவர் தலையில் ஊற்றுகிறார். பீடம், தொட்டி எதுவும் இல்லை. அடுப்படிச் சாமான் போதும்.

கவனித்தீர்களா, ஊற்றினார். முக்கவில்லை. நம் பக்கத்தில் ‘முழுக்குக்காக உயிரைக் கொடுத்தவர்கள்’ என்று இவர்களை மேடையில் சொல்வார்கள், அது பாதிதான் சரி. சில வாரம் கழித்து வுல்ஃப்காங் உலிமான் என்பவர் சட்டியில் இருந்து ஊற்றுவது போதாது என்று சொல்லி ரைன் நதியிலேயே முங்கி எழுந்தார். அந்த ஏப்ரலில் குருத்தோலை ஞாயிறன்று செயின்ட் காலன் பக்கத்தில் சிட்டர் ஆற்றில் பலர் இறங்கினார்கள். ஆனால் பெரும்பாலான இடங்களில் ஊற்றுவதுதான் வழக்கம். அவர்கள் வழிவந்த மெனோனைட் சபைகள் பலவற்றில் இன்றும் அப்படியே. விசுவாசித்தவனுக்குக் கொடுக்க வேண்டும் என்பதில் உயிரை விட்டார்கள், எவ்வளவு தண்ணீர் என்பதில் இல்லை.

சரி, சுவிங்லி பக்க நியாயம் என்ன? அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஒரு காலத்தில் தானும் குழந்தைகளுக்குக் கொடுக்காமல் தள்ளிப்போடலாம் என்று நினைத்ததுண்டு என்று அவரே ஒப்புக்கொண்டார். பிறகு உடன்படிக்கை வாதத்துக்கு வந்தார். ஆபிரகாமின் பிள்ளைகளுக்கு எட்டாம் நாளில் விருத்தசேதனம் எப்படி உடன்படிக்கையின் அடையாளமோ, அப்படியே சபையின் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம். கொலோசெயர் 2-ஆம் அதிகாரத்தில் பவுல் இரண்டையும் சேர்த்தே பேசுகிறார். பழைய ஏற்பாட்டில் பிள்ளைகளுக்கு இருந்த இடம் புதிய ஏற்பாட்டில் பறிபோய்விட்டதா என்று சுவிங்லி கேட்டதற்கு எதிரணி கடைசிவரை நல்ல பதில் சொல்லவில்லை என்பது என் எண்ணம். இன்று சி.எஸ்.ஐ. போதகர்கள் சொல்லும் வாதம் பெரும்பாலும் இதுதான்.

ஆனால் வாதத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். நகர மன்றத்துக்கு இறையியல் அவ்வளவு முக்கியமில்லை. ஞானஸ்நானம் அவர்களுக்குக் குடிமக்கள் கணக்கு. 1526-ல் சூரிச்சில் ஞானஸ்நானப் பதிவேடு வைக்க உத்தரவானது. யார் பிள்ளை, எந்தக் குடும்பம் தப்புகிறது என்று இனி ஒரே நோட்டில் பார்த்துவிடலாம். மேலும் அது ஜெர்மானிய நிலங்களில் விவசாயிகள் கிளர்ந்தெழுந்து ஆயிரக்கணக்கில் மடிந்த சமயம். தசமபாகம் கட்டமாட்டோம், சபையை நாங்களே நடத்துவோம் என்று கிராமத்தான் சொன்னால் அதிகாரிகள் காதில் கலகம் என்றுதான் விழும்.

1526 மார்ச் 7 அன்று, மறு ஞானஸ்நானம் கொடுப்பவனைத் தண்ணீரில் மூழ்கடித்துக் கொல்ல வேண்டும் என்று சட்டம் வந்தது. தண்ணீரில் பாவம் செய்தவனுக்குத் தண்ணீரிலேயே தண்டனை என்ற குரூரமான கிண்டல் அதில் இருந்தது. கிரேபெல் அந்த வருடமே கொள்ளைநோயில் இறந்து தப்பித்தார். மான்ஸ் மாட்டினார். 1527 ஜனவரி 5, சனிக்கிழமை, சிறையிலிருந்து மீன் சந்தை வழியாக லிம்மாட் ஆற்றுக்கு நடத்திக்கொண்டு போனார்கள். கூடவே ஒரு போதகர் மனம் மாறச் சொல்லிக்கொண்டே வந்தார். கரையிலிருந்து தாயும் சகோதரனும் உறுதியாக நில் என்று குரல் கொடுத்தார்கள். படகில் வைத்து, கட்டிய கைகளை முழங்காலுக்குக் கீழே இறக்கி, கைக்கும் காலுக்கும் இடையில் ஒரு கம்பைச் செருகித் தள்ளிவிட்டார்கள். உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன் என்று லத்தீனில் பாடிக்கொண்டே போனார் என்று பதிவாகியிருக்கிறது. சீர்திருத்தச் சபையினர் கையாலேயே இதற்காகச் செத்த முதல் ஆள்களில் ஒருவர் அவர். பிளாவுராக் சூரிச் குடிமகன் இல்லை என்பதால் அதே நாளில் அடித்து விரட்டினார்கள். இரண்டு வருடம் கழித்து டிரோல் நாட்டில் எரித்துக் கொன்றார்கள்.

இப்போது பின்னால் போக வேண்டும். ஏனென்றால் 1529-ல் ஸ்பயர் நகரத்தில் கூடிய பேரரசு மன்றம் மறு ஞானஸ்நானக்காரர்களுக்கு ஜெர்மானியப் பேரரசு முழுவதிலும் மரண தண்டனை விதித்தபோது, புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஆயிரம் வருடம் பழைய ரோமச் சட்டத்தைத் தூசு தட்டி எடுத்தது. அந்தச் சட்டம் யாருக்காகப் போட்டது? வட ஆப்பிரிக்காவில் இருந்த டொனாட்டஸ் கட்சிக்காக.

அங்கே சண்டை வயதைப் பற்றியதே இல்லை. கொடுக்கிறவனின் கை சுத்தமா என்பதுதான். அதற்கும் ஒரு முன்கதை உண்டு. 250-ல் தேசியஸ் பேரரசன் எல்லாரும் தெய்வங்களுக்குப் பலி செலுத்திச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்றான். நிறைய கிறிஸ்தவர்கள் பலியிட்டார்கள், சிலர் காசு கொடுத்துச் சான்றிதழ் மட்டும் வாங்கிக்கொண்டார்கள். விழுந்துபோனவர்களைத் திரும்பச் சேர்க்கக் கூடாது என்று நோவாஷியன் ரோமில் தனியாகப் பிரிந்தார். பிரிந்துபோன சபையில் ஞானஸ்நானம் பெற்று நம்மிடம் வருகிறவனுக்கு என்ன செய்வது? வந்தவனுக்குக் கைவைத்து ஜெபித்தால் போதும், ஏற்கெனவே பெற்றது செல்லும் என்றார் ரோம் பிஷப் ஸ்தேவான். கார்த்தேஜ் பிஷப் சிப்ரியான் ஒத்துக்கொள்ளவில்லை. சபைக்கு வெளியே இரட்சிப்பு இல்லை, ஆகவே வெளியே ஞானஸ்நானமும் இல்லை, நாங்கள் மறுபடியும் கொடுக்கவில்லை, இப்போதுதான் கொடுக்கிறோம் என்பது அவர் நிலை. 256 செப்டம்பரில் கார்த்தேஜில் 87 பிஷப்புகள் அவரோடு நின்றார்கள். இரண்டு வருடத்தில் சிப்ரியானே இரத்தசாட்சியாக மரித்ததால், ஆப்பிரிக்காவில் அவர் வார்த்தைக்குப் பெரிய மரியாதை.

303-ல் டயக்ளீஷியன் காலத்து உபத்திரவத்தில் வேதப் புத்தகங்களை ஒப்படைக்கச் சொன்னார்கள். ஒப்படைத்தவர்களைத் துரோகிகள் என்றார்கள். உபத்திரவம் ஓய்ந்து கார்த்தேஜுக்குச் செசிலியான் பிஷப்பானபோது, அவர் தலையில் கைவைத்துப் பிஷப் பட்டம் கொடுத்தவர்களில் ஒருவரான அப்துங்கா பிஷப் பெலிக்ஸ் அப்படிப்பட்ட துரோகி என்று கிளம்பினார்கள். இதில் சபை அரசியலும் கலந்திருந்தது. லூசில்லா என்ற பணக்கார அம்மாளுக்கு, நற்கருணை வாங்கும் முன் ஓர் இரத்தசாட்சியின் எலும்பை முத்தமிடும் பழக்கம். செசிலியான் அதைக் கண்டித்திருந்தார். அந்தக் கோபம் எதிரணிக்குப் பணமாகப் போய்ச் சேர்ந்தது. (சபைத் தேர்தல் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இருக்காது.) எதிரணியின் இரண்டாவது பிஷப்தான் டொனாட்டஸ். விசாரணையில் பெலிக்ஸ் குற்றமற்றவர் என்று தீர்ப்பானது, 314-ல் ஆர்ல் நகரச் சங்கமும் டொனாட்டஸ் பக்கத்துக்கு எதிராகவே பேசியது. பிரிந்தவர்கள் பிரிந்தவர்களாகவே இருந்தார்கள், நூறு வருடம்!

411 ஜூனில் பேரரசு கார்த்தேஜில் இரு தரப்பையும் கூட்டியது. கத்தோலிக்கத் தரப்பில் 286, டொனாட்டஸ் தரப்பில் 284 பிஷப்புகள். தலைமை வகித்த அதிகாரி மார்செல்லினஸ் உட்காரச் சொன்னதற்கு, துன்மார்க்கரோடு உட்காரமாட்டோம் என்று 26-ஆம் சங்கீதத்தைக் காட்டி டொனாட்டஸ் பிஷப்புகள் நின்றுகொண்டார்கள். அவர்கள் நிற்கையில் நானும் உட்காரமாட்டேன் என்று அதிகாரியும் நின்றார். அங்கே ஹிப்போ பிஷப் அகஸ்தீன் கோதுமையும் களையும் உவமையை எடுத்தார்: அறுப்புவரை இரண்டும் சேர்ந்தே வளரட்டும், சபை கலப்பாகத்தான் இருக்கும். எதிரணி சும்மா இருக்கவில்லை. ‘நிலம் உலகம்’ என்றுதானே இயேசு விளக்கம் சொன்னார், நிலம் சபை என்று எங்கே சொன்னார் என்று திருப்பிக் கேட்டார்கள். வசனப்படி பார்த்தால் அந்த ஒரு பந்தில் டொனாட்டஸ் பக்கம்தான் ரன் எடுத்தது. ஆனால் ஞானஸ்நானம் கிறிஸ்துவுடையது, கொடுக்கிற ஆளுடையது இல்லை என்ற அகஸ்தீனின் வாதம் அதைவிடப் பெரியது. கை சுத்தமானவனிடம் பெற்றால்தான் செல்லும் என்றால், யாருக்கும் தான் பெற்றது செல்லுமா என்று நிச்சயமாகத் தெரியப்போவதில்லை.

டொனாட்டஸ்காரர்களே அதை நிரூபித்தார்கள். 390-களில் அவர்களுக்குள்ளேயே மாக்சிமியான் தலைமையில் ஒரு கூட்டம் உடைந்து போனது. பிறகு அதில் சில பிஷப்புகள் திரும்பி வந்தபோது, வெளியே அவர்கள் கொடுத்த ஞானஸ்நானத்தை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். எங்களிடமிருந்து வருகிறவனுக்கு மறுபடி கொடுக்கிறீர்களே, உங்களிடமிருந்து பிரிந்துபோய் வந்தவனுக்கு வேண்டாமா என்று அகஸ்தீன் விடாமல் குத்திக்காட்டினார்.

இவ்வளவு நல்ல வாதக்காரர்தான் கடைசியில், ‘உள்ளே வரும்படி வருந்திக் கூட்டிக்கொண்டு வா’ என்ற லூக்கா 14-ஆம் அதிகார வசனத்தை அரசாங்கக் கட்டாயத்துக்கு ஆதாரமாக்கினார். கொலையை அவர் கேட்கவில்லை. ஆனாலும் அவர் திறந்த கதவு வழியாகத்தான் பிற்காலத்தில் ஸ்பயர் மன்றம் நடந்து வந்தது. அகஸ்தீனை மிகவும் மதிக்கிறவன் நான். இந்த இடத்தில் மட்டும் அவரை மன்னிக்க மனம் வரவில்லை.

மறுபடி 1527-க்கு வருவோம். மான்ஸ் இறந்து ஏழு வாரத்தில், பிப்ரவரி 24 அன்று, மிகாயேல் சாட்லர் தலைமையில் ஸ்லைட்ஹைம் கிராமத்தில் கூடி ஏழு தீர்மானங்களை எழுதினார்கள். ஞானஸ்நானம், சபை விலக்கு, அப்பம் பிட்குதல், உலகத்திலிருந்து பிரிதல், மேய்ப்பர், பட்டயம் (வாள்), சத்தியம் செய்தல். ‘அவர்கள் நடுவிலிருந்து புறப்பட்டுப் பிரிந்துபோங்கள்’ என்ற வசனம் அதில் இருக்கிறது. பட்டயம் எடுக்கமாட்டோம், சத்தியம் செய்யமாட்டோம் என்றால் அந்தக் காலத்தில் என்ன அர்த்தம்? படைக்கு வரமாட்டோம், ஊர் விசுவாசப் பிரமாணமும் எடுக்கமாட்டோம். துருக்கியப் படை வியன்னாவை நோக்கி நெருங்கிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. சாட்லரோ விசாரணையில், துருக்கியர் வந்தாலும் எதிர்க்கக் கூடாது, போர் சரியென்றே வைத்துக்கொண்டாலும் பக்தர்களை வதைக்கும் பெயர்க் கிறிஸ்தவர்களோடுதான் போரிடுவேன் என்றார். அந்த மே மாதம் அவரை நாக்கை அறுத்து எரித்தார்கள். மனைவி மார்கரேத்தாவைச் சில நாள் கழித்து நெக்கர் ஆற்றில் மூழ்கடித்தார்கள்.

இந்த இயக்கத்தில் எல்லாரும் சாதுக்கள் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1534-35-ல் மியூன்ஸ்டர் நகரத்தைக் கைப்பற்றிய கூட்டம் பலதார மணம், ஒரு ‘ராஜா’, ஞானஸ்நானம் எடுக்காதவர்களை விரட்டுதல் என்று எல்லாம் செய்தது. தலைவர்களின் பிணங்களைப் போட்ட இரும்புக் கூண்டுகள் இன்றும் அங்கே ஆலயக் கோபுரத்தில் தொங்குகின்றன. அதன் பிறகு ஒன்றுமறியாத மறு ஞானஸ்நானக்காரனையும் மியூன்ஸ்டர்க்காரன் என்றே பார்த்தார்கள். சிதறியவர்களைச் சேர்த்து அமைதி வழிக்குக் கொண்டுவந்தவர் 1536-ல் குருத்துவத்தை விட்டு வந்த மெனோ சைமன்ஸ்.

பிரிந்தவர்கள் மேலும் மேலும் பிரிந்த கதை நீளமானது. விலக்கு வைத்தவனோடு ஒன்றாகச் சாப்பிடலாமா கூடாதா என்பது போன்ற விஷயங்களில் முட்டிக்கொண்டு 1693-ல் யாக்கோப் அம்மான் தனியாகப் போனார், அவர் பின்னால் போனவர்கள்தான் ஆமிஷ். நான் சொல்ல விரும்புவது ஜான் ஸ்மித்தைப் பற்றி. இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து பிரிந்து ஆம்ஸ்டர்டாமுக்கு ஓடிவந்த கூட்டத்தின் போதகர். 1609 வாக்கில், குழந்தை ஞானஸ்நானம் செல்லாது என்ற முடிவுக்கு வந்தார். அப்படியானால் தன்னைச் சுற்றி யாருக்குமே சரியான ஞானஸ்நானம் இல்லையே, யார் கொடுப்பது? தன் தலையில் தானே தண்ணீரை ஊற்றிக்கொண்டார்! பிறகு தாமஸ் ஹெல்விஸ் உள்ளிட்ட மற்றவர்களுக்குக் கொடுத்தார். அதே ஊரில் மெனோனைட்டுகள் இருந்தார்களே, அவர்களிடம் கேட்டிருக்கலாமே என்று எல்லாரும் கேட்டார்கள். கொஞ்ச நாளில் ஸ்மித்துக்கே அது சரியென்று பட்டு, அவர்களிடம் சேரப் போனார். அதற்காக ஹெல்விஸ் அவரைச் சபையைவிட்டு நீக்கினார். கேட்கச் சிரிப்பு வரும். ஆனால் தூய சபையை முதலிலிருந்து தொடங்க நினைக்கிற எவரும் மாட்டிக்கொள்ளும் இடம் அதுதான். 1525-ல் கிரேபெலுக்கு வந்த அதே கேள்வி.

அந்த ஹெல்விஸ் சாதாரண ஆள் இல்லை. ஊர் திரும்பி, லண்டனில் பாப்டிஸ்ட் சபை (விசுவாசித்தவர்களுக்கு மட்டும் ஞானஸ்நானம் கொடுக்கும் சபை) தொடங்கி, 1612-ல் ராஜா ஜேம்ஸுக்கே எழுதினார்: ராஜா மனிதர், தேவன் அல்ல, குடிகளின் ஆத்துமாமேல் அவருக்கு அதிகாரம் இல்லை. கிறிஸ்தவனுக்கு மட்டும் அவர் இந்த உரிமையைக் கேட்கவில்லை. துருக்கியனானாலும் யூதனானாலும் மதத்துக்காக அரசன் தண்டிக்கக் கூடாது என்றார். நியூகேட் சிறையில் செத்தார். ஞானஸ்நானச் சண்டையிலிருந்து உலகத்துக்குக் கிடைத்த உருப்படியான விஷயம் இது என்பேன். ஊர் வேறு, சபை வேறு என்று ஒத்துக்கொண்டால், நம்பாதவனுக்கும் ஊரில் இடம் உண்டு என்றாகிவிடுகிறது. சொல்லப்போனால் ஆங்கில பாப்டிஸ்டுகள் முழுக்குக்கு மாறியதே 1640-களில்தான், 1644 விசுவாச அறிக்கையில் அதை எழுதிவைத்தார்கள்.

இன்றைய நிலவரம்? 2004-ல் சூரிச் சீர்திருத்தச் சபை லிம்மாட் கரையில் மான்ஸுக்கும் மற்றவர்களுக்கும் நினைவுக்கல் வைத்துத் தவறை ஒப்புக்கொண்டது. 2010-ல் லூத்தரன் உலகக் கூட்டமைப்பு மெனோனைட்டுகளிடம் மன்னிப்புக் கேட்டது. நம் நாட்டில் 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது பாப்டிஸ்டுகள் அதில் இல்லை, ஆகவே இந்தக் கேள்வியைப் பெரிதாகத் தொட வேண்டியிருக்கவில்லை. 1970-ல் நாக்பூரில் உருவான வட இந்தியத் திருச்சபையில் பாப்டிஸ்டுகளும் சேர்ந்ததால் இரண்டு முறையையும் ஒரே சபைக்குள் அனுமதித்தார்கள். பெற்றோர் விரும்பினால் குழந்தைக்கு ஞானஸ்நானம், இல்லாவிட்டால் குழந்தையை ஜெபத்தோடு ஆண்டவருக்குப் பிரதிஷ்டை செய்து, வளர்ந்த பிறகு ஞானஸ்நானம்.

தீராமல் நிற்பது ஒன்றுதான். 1982-ல் லிமா நகரில் பல சபைகளின் இறையியலாளர்கள் கூடி எழுதிய அறிக்கை, ஞானஸ்நானம் திரும்பச் செய்யக் கூடாதது, மறு ஞானஸ்நானம் போலத் தோன்றும் எதையும் தவிர்க்க வேண்டும் என்கிறது. முழுக்கு கொடுக்கும் போதகரிடம் அதைக் காட்டிப் பாருங்கள். நாங்கள் எங்கே திரும்பக் கொடுக்கிறோம், இதுதானே முதல் தடவை என்பார். கிரேபெல் கூட்டமும் அதையே சொன்னது, சிப்ரியானும் அதையே சொன்னார். ஆகவே உங்கள் வீட்டில் யாராவது முழுக்கு எடுக்கப் போகிறேன் என்றால், வசனத்தை எடுத்து வைப்பதற்கு முன், குழந்தையில் பெற்றதை அவர் என்னவென்று நினைக்கிறார் என்று கேளுங்கள். ‘அது ஒன்றுமே இல்லை’ என்றால் ஒரு பேச்சு. ‘அதை இப்போதுதான் என் வாயால் அறிக்கையிடத் தோன்றுகிறது’ என்றால், அதற்கு நம் சபைகளில் திடப்படுத்தல் (குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றவர் வளர்ந்த பின் தன் வாயால் விசுவாசத்தை அறிக்கையிடும் ஆராதனை) என்ற ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, அதை வருடாவருடம் சடங்காக நடத்தாமல் ஒழுங்காக நடத்தச் சொல்லி உங்கள் போதகரிடம் சண்டை போடுங்கள்.